சாலைப் பெயரும் சுவர் எழுத்தும்

தருமபுரிப் பக்கத்தில் பழைய சாலைக் கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. அது பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கல்வெட்டு அறிஞர்கள் கூறுகின்றனர். அதியமான் பெருவழி என்று பாதையின் பெயரையும், நாவற்தாவளம் என்னும் ஊருக்கு இன்னும் 29 காதம் போகவேண்டும் என்ற செய்தியையும் அந்தக் கல் சொல்லுகிறது. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. இன்றைய மைல் கல்லும் இதைத்தான் சொல்லுகிறது. ஆனால் அந்தக் கல்லை நட்டவர்கள் எண்ணை எழுத்தில் பொறித்ததோடு நில்லாமல், குழிகளாகவும் குடைந்து வைத்திருக்கிறார்கள். பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. பெரியது ஒன்றுக்குப் பத்துக் காதம், சிறியது ஒன்றுக்கு ஒரு காதம். எழுத்தறியாத வண்டிக்காரன் இருட்டு வேளையில் வந்தாலும் கையால் தடவிப் பார்த்துத் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

தருமபுரி எங்கே, கல்கத்தாவில் பாலிகஞ்ச் எங்கே என்று நீங்கள் கேட்கக்கூடும். 1968-ஆம் ஆண்டு சென்னை மெயிலில் ஹௌரா நிலையத்தில் வந்து இறங்கிய அன்று நானும் அந்த எழுத்தறியாத வண்டிக்காரனாகத்தான் இருந்தேன். சுருக்கெழுத்தும் தட்டச்சும் உயர்நிலைத் தேறியவன். எனினும் தெருப் பலகையைப் படிக்கத் தெரியாது. வங்காள எழுத்துத்தான் புதிது, எண்ணாவது உதவும் என்று பார்த்தால், அது இன்னும் மோசமாக ஏமாற்றிற்று. வங்காளத்து நான்கு நம் கண்ணுக்கு ஆங்கில எட்டைப் போலவே இருக்கும். அவர்களுடைய ஏழு, ஒன்பதைப் போல இருக்கும். நான்காம் எண் வீட்டைத் தேடி எட்டாம் எண் வீட்டுக் கதவைத் தட்டிய தமிழர்கள் என் தலைமுறையில் எத்தனையோ பேர். நானும் தட்டியிருக்கிறேன். நல்லவேளையாகக் கதவைத் திறந்தவர்கள் நல்லவர்கள்.

ஆகவே நானும் எனக்கென்று சில குழிகளை வைத்துக்கொண்டேன். காப்பிக்கொட்டை வறுக்கும் மணம் வந்தால் லேக் மார்க்கெட் நெருங்கிவிட்டது. மீன் வாசனையும் உடன் வந்தால் நெருக்கம் உறுதி. டிராம் வண்டி பெருங் கூட்டத்தை உதிர்த்துவிட்டுப் பாதி காலியானால் அது கரியாஹாட். அதற்கும் அப்பால் ரயிலின் ஊதல் கேட்டால் பாலிகஞ்ச் நிலையம். என் இடத்தைத் தாண்டி வந்துவிட்டேன் என்று பொருள்.

2001-ஆம் ஆண்டு முதல் நகரத்தின் பெயர் கொல்கத்தா என்று முறைப்படி மாறியிருக்கிறது. பழகிய நாக்கு கல்கத்தா என்றே சொல்லுகிறது, நேயர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

எங்கள் மெஸ் இருந்த சந்து, ராஷ்பிஹாரி அவென்யூ என்னும் பெருஞ்சாலையிலிருந்து பிரிந்து போவது. காளிகாட் பக்கத்தில் புறப்பட்டு, லேக் மார்க்கெட்டையும் தேசப்பிரிய பூங்காவையும் கரியாஹாட்டையும் கடந்து, பாலிகஞ்ச் ரயில் நிலையம் வரையில் செல்லும் சாலை அது. ஹார்டிஞ்சு பிரபுவின் மீது குண்டு வீசத் திட்டமிட்டு, ஜப்பானுக்குத் தப்பிச் சென்று, அங்கிருந்தே இந்திய விடுதலைக்குப் பாடுபட்ட ராஷ்பிஹாரி போஸின் பெயரால் அமைந்தது அச்சாலை என்று நான் உறுதியாக நம்பினேன். அப்படியே தகப்பனாருக்கு முதற் கடிதத்தில் எழுதினேன். அவர் அதை ஊர்த் திண்ணையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாராம். ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் அந்த நம்பிக்கையோடு அச்சாலையில் நடந்தேன்.

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். தெருவில் அனைவருக்கும் அவர் மாஸ்டர் மொஷாய். ஒரு நாள் பேச்சுவாக்கில் போஸின் பெருமையை நான் எடுத்துரைக்க, அவர் சிரிக்காமல், மிகுந்த மரியாதையோடு என்னைத் திருத்தினார். இச்சாலைக்குப் பெயர் கொடுத்தவர் போஸ் அல்லர். ராஷ்பிஹாரி கோஷ் என்னும் வழக்கறிஞர். 1845-இல் பிறந்து 1921-இல் மறைந்தவர். பெயர்ப் பலகையில் ராஷ்பிஹாரி என்று மட்டும் இருப்பதால் வந்த வினை இது. வங்காள இளைஞர்களிலேயே பலர் போஸ் என்றுதான் நினைக்கிறார்கள் என்று சொல்லி என்னை அவர் ஆறுதற்படுத்தினார்.

அந்த ராஷ்பிஹாரி கோஷ் நமக்கு அந்நியர் அல்லர். 1907-இல் சூரத் நகரில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரே. அந்தத் தலைமையைப் பற்றி மூண்ட தகராற்றிலேதான் செருப்புப் பறந்தது, நாற்காலிகள் பறந்தன, காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. எதிர் வரிசையில் திலகர் பெருமானின் பக்கம் நின்றவர்களுள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய பாரதியும் உண்டு. அடுத்த ஆண்டு டிசம்பரில் மகாசபை சென்னையிலேயே கூடியது. அதற்கும் கோஷ்தான் தலைவர். ஆனால் அதற்குள் சிதம்பரம் பிள்ளை சிறையில் இருந்தார். பாரதியார் புதுவைக்குப் போய்விட்டார். ஆக, பாரதியின் படத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு, பாரதி எதிர்த்து நின்றவருடைய பெயர் கொண்ட சாலைக்கு அருகில் நாங்கள் முப்பது பேர் வாழ்ந்து வந்தோம். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

இத்துடன் கோஷின் கதை முடிந்திருந்தால் நான் இங்கே அவரை இவ்வளவு பேசமாட்டேன். அவர் மிதவாதி, அரசியலில் அவரைப் பற்றி அவரவர் கருத்து அவரவருக்கு. வழக்கறிஞர் தொழிலில் ஈட்டிய பெரும்பொருளை அவர் என்ன செய்தார் என்பதே முக்கியம். 1913-ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அறிவியல் கல்விக்கென்று பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார். அவருக்கு ஓராண்டு முன்னதாகவே மற்றொரு பாரிஸ்டர், தாரக்நாத் பாலித் என்பவர், நிலமும் பணமுமாகச் சுமார் 15 லட்சம் மதிப்புள்ள சொத்தை அதே பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்திருந்தார். பாலிகஞ்ச் சர்க்குலர் ரோடில் 35-ஆம் எண் இடம் அவர் கொடுத்தது. பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரி ஒன்று அங்கே நடக்கிறது. அந்தச் சாலைக்கும் இப்போது பிரமதேஷ் பருவா சரணி என்று வேறு பெயர். திரைப்பட இயக்குநர் பருவாவின் நினைவாக வைத்தது. பழைய பெயரைச் சொன்னால்தான் வண்டிக்காரர்களுக்குப் புரிகிறது.

பாலித் தமது கொடையில் ஒரு நிபந்தனை வைத்தார். அவர் பணத்தால் ஏற்படும் பேராசிரியர் பதவிகளில் இந்தியர்களே அமரவேண்டும் என்பது அது. அந்நாளில் அரசாங்கக் கல்லூரிகளின் உயர்ந்த நாற்காலிகள் பெரும்பாலும் வெள்ளையர்களுக்கே உரியவையாக இருந்தன. பாலித் நிறுவிய பௌதிகப் பேராசிரியர் பதவியில் 1917-இல் முதன்முதல் அமர்ந்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன்.

ராமன் கல்கத்தாவுக்கு வந்தது 1907-இல். அப்போது வயது பதினெட்டு. மத்திய அரசின் கணக்குத் துறையில் உதவி அதிகாரி; நம்மில் பலரைப் போலவே உத்தியோகம் தேடி வடக்கே வந்தவர்தாம். ஒருநாள் டிராமில் போய்க்கொண்டிருக்கையில் பௌபஜார் தெருவில் 210-ஆம் எண் கட்டடத்தின் வெளியே ஒரு பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. அறிவியல் வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் தோற்றுவித்த சங்கம் அது. ஆராய்ச்சி செய்ய ஆள் வருவார் என்று காத்திருந்து, வராமலே 1904-இல் அவர் காலமானார். ராமன் டிராமிலிருந்து இறங்கிக் கதவைத் தட்டினார். அன்று முதல் அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கேயே அவருக்கு வேலை. பாலித் பதவி வந்தபோது, அதைவிட மிகுந்த சம்பளம் கொடுத்த அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், அதே பௌபஜார் கட்டடத்தில், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனுடைய துணையோடு ராமன் விளைவு கண்டறியப்பட்டது. 1930-இல் நோபெல் பரிசு.

தெருவோரப் பலகை ஒன்று என்ன செய்யவல்லது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. அந்தப் பலகை ஆங்கிலத்தில் இருந்தது என்பதையும் மறக்கவேண்டாம். வங்காளத்தில் மட்டும் எழுதியிருந்தால் திருச்சி இளைஞர் அதைப் படித்திருக்க முடியாது. தருமபுரிக் கல்லின் குழிகள் போல, வெளியூரான் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி அது அமைந்திருந்தது.

இந்தக் கதையைக் கேட்டபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தைப் பார்க்கப் புறப்பட்டேன். பௌபஜார் தெரு என்ற பெயர் மாறி, பிபின் பிஹாரி கங்குலி தெரு ஆகிவிட்டிருந்தது. 210-ஆம் எண்ணில் வணிகக் கல்லூரி ஒன்று நடந்தது. ராமன் தட்டிய கதவு இல்லை. சங்கம் விடுதலைக்குப் பிந்திய காலத்திலேயே ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. பாலிகஞ்ச் நிலையத்தில் ரயில் ஏறினால் அடுத்தது டாக்குரியா, அதற்கடுத்தது ஜாதவ்பூர். அங்கே சங்கத்தின் வளாகத்தில், 1998-ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியல் கழகம் ராமன் விளைவை உலக வேதியியல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்து நினைவுப் பலகை வைத்தது. நல்ல காரியம். ஆயினும் பலகை ஓரிடத்தில், நிகழ்ச்சி நடந்தது மற்றோரிடத்தில். தெருப்பெயரும் மாறி, கட்டடமும் மாறி, சங்கமும் இடம் மாறியபின், அந்த நாளின் அடையாளம் மக்கள் நினைவில் இருக்கும் ஒரு வீட்டு எண்ணில்தான் தங்கியிருக்கிறது.

இப்படி நேர்வது நம் நாட்டில் மட்டும் அன்று. வீட்டுச் சுவர்களில் பெரியோர் வாழ்ந்த செய்தியைப் பொறிக்கும் வழக்கத்தை லண்டனில் 1866-இல் தொடங்கினார்கள். முதல் பலகை கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் 1867-இல் பதிக்கப்பட்டது. 1889-இல் அந்த வீட்டையே இடித்துவிட்டார்கள். பலகை வைத்துவிட்டால் காப்பாற்றியாயிற்று என்று எண்ணுவதற்கில்லை.

பலகை சொல்வதெல்லாம் உண்மை என்றும் எண்ணுவதற்கில்லை. கர்ஸன் பிரபு கல்கத்தாவில் இருந்த காலத்தில், பழைய கோட்டை இருந்த எல்லையைத் தலைமைத் தபால் நிலையத்தின் படிகளில் பித்தளைக் கோடுகளாகப் பதிக்கச் செய்தார். அது சரியான ஆராய்ச்சியின்மேல் எழுந்த காரியம், பாராட்டலாம். அவரே 1902-இல் இருட்டறைச் சம்பவத்துக்குப் பளிங்கு ஸ்தூபி ஒன்றும் நிறுவினார். சிராஜ் உத்தௌலாவின் ஆட்கள் 146 பேரைச் சிற்றறை ஒன்றில் அடைத்ததாகவும் 23 பேரே பிழைத்ததாகவும் ஹால்வெல் எழுதிவைத்த கணக்கு அதற்கு ஆதாரம். அந்தக் கணக்கைச் சரித்திர ஆசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. நடுத்தெருவில் நின்று ஒரு சமூகத்தையே கொடியவர்கள் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கல்லை அகற்றவேண்டுமென்று 1940-இல் சுபாஷ் சந்திர போஸ் கிளர்ச்சி தொடங்கினார். ஜூலை 2-ஆம் தேதி கைதானார். அரசாங்கம் இறுதியில் ஸ்தூபியைப் பெயர்த்துத் தூய யோவான் ஆலயத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தது. இன்றும் அங்கே இருக்கிறது.

பாலிகஞ்சிலேயே எழுத்தில்லாத சின்னங்கள் பல உண்டு. கரியாஹாட்டுக்கு அருகில் ஹிந்துஸ்தான் பார்க் என்னும் பகுதியில் சுதர்மா என்ற இல்லத்தில் மொழியறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி வாழ்ந்தார். வங்க மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றி 1926-இல் அவர் வெளியிட்ட பெருநூலில், வங்காளத்துப் பழைய செப்பேடுகளில் காணும் ஊர்ப்பெயர்களிலே திராவிடச் சொற்களின் சாயல் இருப்பதை எடுத்துக் காட்டியிருக்கிறார். நாம் இங்கே நேற்று வந்தவர்கள் என்று கூச்சப்படும் தமிழருக்கு அந்தப் பக்கங்கள் இதமாக இருக்கும். அந்த வீட்டில் பின்னாளில் துணிக்கடை ஒன்று வந்தது. சேலை வாங்கப் போகிற நம் பெண்மணிகள் வாசலில் ஒரு நிமிடம் நின்று போகலாம்.

ராஷ்பிஹாரி அவென்யூவில் 202-ஆம் எண் வீடு புத்ததேவ போஸ் என்ற கவிஞருடையது. கவிதா பவன் என்று அதற்குப் பெயர். அவர் நடத்திய 'கவிதா' பத்திரிகையைப் பற்றி மாஸ்டர் மொஷாய் மணிக்கணக்காகப் பேசுவார். எனக்குப் பாதிதான் விளங்கும்.

அண்மை ஆண்டுகளில் மேற்கு வங்க அரசின் மரபுச் சின்னக் குழு, லண்டனைப் பின்பற்றிப் பழம்பெருங் கட்டடங்களில் நீலநிறப் பலகைகள் பதித்து வருகிறது. மகிழ்ச்சிதான். சென்னையிலும் இதற்கு நிகரான செயல் உண்டு. விவேகானந்தர் 1897-இல் ஒன்பது நாள் தங்கிய ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு 1963-இல் விவேகானந்தர் இல்லம் என்று அரசு பெயர் சூட்டியது. வங்காளத்துத் துறவி ஒருவர் நம் கடற்கரையில் ஒன்பது நாள் இருந்ததை நாம் மறக்கவில்லை.

ஆனால் அன்பர்களே, இத்தகைய பலகைகள் பெரியோர்களுக்கு உரியவை. கணக்கெழுதியும், கடிதம் அடித்தும், இரவுப் பள்ளியில் படித்தும், வீட்டுக்கு மாதந்தோறும் மணியார்டர் அனுப்பியும் காலம் கழித்த சாமானியத் தமிழரின் வாசலுக்கு எந்தக் குழுவும் பலகை கொண்டு வராது. அது குறை சொல்லத்தக்கதும் அன்று. அவர்களுக்கு நம்மை எப்படித் தெரியும்?

எங்கள் மெஸ்ஸுக்குப் பலகையே கிடையாது. மாடிப் படியின் திருப்பத்தில், சுண்ணாம்பு பூசிய சுவரில், புதிதாக வந்து சேர்ந்தவர் தம் பெயரையும் ஊரையும் வந்த தேதியையும் பென்சிலால் எழுதவேண்டும் என்பது வழக்கம். வேலை கிடைத்தபின் அந்தத் தேதியைப் பக்கத்தில் சேர்க்கவேண்டும். கல்யாணமாகித் தனி வீடு பார்த்துப் போகிற அன்று ஒரு கோடு போடவேண்டும். யார் தொடங்கிய வழக்கமோ தெரியாது. நான் வந்தபோதே மேல் வரிசைகள் மங்கியிருந்தன. 1938 என்ற ஆண்டு அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாவது தேதி வராமலே போன பெயர்களும் சில உண்டு. அவற்றைப் பற்றி யாரும் கேட்கமாட்டோம். சுவருக்கு வெள்ளையடிக்க வந்தால் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடும்படி சமையற்காரர் காவல் நிற்பார்.

1987-ஆம் ஆண்டு மெஸ் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் வீடு விலைபோய், அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியது. நான் அப்போது மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தேன். இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டும், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாட்கள் என்பதால், அடுத்த வாரம் போய்ப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். போனபோது படிக்கட்டும் இல்லை, சுவரும் இல்லை. ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோய் அரை மணி நேரம் நின்றிருந்தால் நூற்றுக்கு மேற்பட்ட பெயர்களை எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். அந்த அரை மணி நேரத்தை நான் கொடுக்கவில்லை. என் பெயரும் அதில்தான் இருந்தது. நான் இப்போது முயன்று நினைவுகூர்ந்தால் ஊர்கள் வருகின்றன: கல்லிடைக்குறிச்சி, கடையம், ஆலங்குடி, மன்னார்குடி, வத்தலக்குண்டு. ஆட்களின் பெயர்களில் நான்கு மட்டுமே வருகின்றன.

கல்கத்தாவிலிருந்தபடியே வங்க நாவலான 'நீலகண்டப் பறவையைத் தேடி'யைத் தமிழாக்கிய சு. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களின் பெயர் நூலின் முகப்பில் நிற்கும். சுவரில் மட்டும் எழுதியவர்களுக்கு அந்தச் சுவர்தான் நூல்.

அதன்பின் ஒரு வேலையை மேற்கொண்டேன். லேக் மார்க்கெட், கரியாஹாட், பாலிகஞ்ச் பகுதிகளில் இன்னும் இருக்கும் பழைய தமிழ்க் குடும்பங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பது. கேட்பது மிகச் சிலவே. முதலில் வந்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த வீட்டில் இறங்கினார். தெருவின் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் குறிக்கிறேன். வீட்டு எண்ணைத் தமிழ் எழுத்தால் எழுதிக்கொள்கிறேன், நான்கும் எட்டும் மறுபடி குழம்பாதிருக்க. பெருமை பேசும் இடங்களைக் கொஞ்சம் குறைத்தே எழுதுகிறேன். பழைய மணியார்டர் ரசீது, ரேஷன் அட்டை ஏதேனும் இருந்தால் அதிலுள்ள முகவரியோடு ஒத்துப் பார்க்கிறேன். வயதானவர்கள் சொல்லும் ஆண்டு இரண்டு மூன்று முன்பின்னாக இருக்கும். ரசீது பொய் சொல்லாது.

கரோல்பாகிலும் மாதுங்காவிலும் ஜாம்ஷெட்பூரிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்கள் வேண்டுமானால் இதே முறையைப் பின்பற்றலாம். இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றை உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்து நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். வீட்டிலேயே வைத்திருந்தால் அடுத்த வெள்ளையடிப்பில் பழைய காகிதக்காரனிடம் போய்விடும்.

என் நோட்டில் இதுவரை பதினான்கு வீடுகள் சேர்ந்திருக்கின்றன. பதினைந்தாவது வீட்டு அம்மாளுக்கு வயது தொண்ணூற்றொன்று. 1955-இல் மணமாகி வந்தவர். கணவர் எந்த மெஸ்ஸில் இருந்தார் என்று கேட்டேன்; மாடிப் படியில் பெயர் எழுதும் மெஸ் என்று சொன்னார். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.